பச்சை நிறத்தில் ஆரம்பித்தேன்

குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு மேஜைதான். அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்துதான் நானும் என் கணவரும் கொரோனா சமயத்திலிருந்து வேலை பார்க்கிறோம். இருவருக்கும் புரோகிராம் எழுதும் வேலை. அவருக்குச் சென்னைக் கம்பெனி, எனக்குக் கோயமுத்தூர்க் கம்பெனி. பேசிக்கொள்ளாத நேரத்தில் எதிராளி டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அவருடைய சத்தம் எனக்கு மனப்பாடம். தகரக் கூரையில் நின்று பெய்யும் மழை மாதிரி ஒரே சீராக இருக்கும். பத்து விரலும் தம் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அவர் திரையை மட்டும் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அந்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தச் சத்தம் போன வருடம் ஜனவரியில் கெட ஆரம்பித்தது. தடதடவென்று போகும், திடீரென்று நிற்கும், பிறகு மறுபடியும் போகும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் என்னதான் பண்றீங்க என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்ணல அம்மிணி. இந்த எடிட்டருதான் நின்னு நின்னு போவுது," என்றார்.

எடிட்டர் என்றால் நாங்கள் புரோகிராம் எழுதும் மென்பொருள். எங்கே நிற்கிறது என்று கேட்டேன். கோட்ஸ், அதாவது மேற்கோள் குறி போடும்போது நிற்கிறது, வரி முடிந்து செமிகோலன் போடும்போது நிற்கிறது என்றார். எனக்குக் காரணம் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

படிப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று எடிட்டர் நாங்கள் எழுதுவதற்கு நிறம் பூசும். கட்டளைச் சொல்லுக்கு நீலம், மேற்கோள் குறிக்குள் இருப்பதற்குப் பச்சை, எண்ணுக்கு ஆரஞ்சு, நமக்கு நாமே எழுதி வைக்கும் குறிப்புக்குச் சாம்பல். ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் அது உட்கார்ந்து எது எந்த நிறம் என்று யோசித்தாக வேண்டும். ஒரு மேற்கோள் குறியைத் திறந்தால் இன்னும் மோசம். மூடும் குறி வரும்வரை கீழே உள்ளதெல்லாம் மேற்கோளுக்குள் இருக்கிறது என்று எண்ணி, ஃபைலின் அடிவரைக்கும் பச்சை அடித்துக்கொண்டே போகும். மூடியதும் அத்தனையையும் திரும்ப மாற்றும். அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ யார் யாரோ வருடக்கணக்கில் எழுதி எழுதிச் சேர்த்த ஒரே பிரம்மாண்ட ஃபைல். லேப்டாப்பும் பழசு.

உண்மையிலேயே தாமதம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவரை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் அடித்துப் பார்த்தேன். மேற்கோள் குறிக்குப் பிறகு கண் சிமிட்டும் நேரம் எழுத்து தங்கியது. அந்த ஒரு கண் சிமிட்டல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு பக்கம் பார்த்திருப்பேன் என்று இப்போதும் தோன்றுகிறது.

பச்சையை எடுத்தேன். நிறம் பூசுவதற்கு எழுதி வைத்திருக்கும் விதிகளைத் திறந்து, மேற்கோள் குறிக்கான விதியை மட்டும் நீக்கினேன். கால் மணி நேர வேலை. அவர் உட்கார்ந்து நான்கு வரி அடித்தார்.

"இப்பப் பரவால்ல அம்மிணி. நல்லா ஓடுது," என்றார்.

அவர் அப்படித்தான் சொல்வார். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாலும் நல்லாருக்குது என்று சொல்லிச் சாப்பிட்டு எழுந்திருக்கும் மனிதர். இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஜனவரியில் குளிர் கொஞ்சநஞ்சமல்ல. சோலூரில் கேரட் போட்டிருக்கும் அவருடைய அண்ணன், விடிகாலையில் தோட்டம் முழுக்க உறைபனி வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். கை விரல் மரத்துப்போகாத ஆள் எங்கள் மலையில் ஒருவர்கூட இல்லை. ஆகவே இவர் சுண்டுவிரல் மரமரன்னு இருக்குது என்று சொன்னபோது நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. குளிர்ல எல்லாத்துக்கும்தான் மரக்குது என்றேன். மெடிக்கல் ஷாப்காரரும் அதையேதான் சொன்னார்.

"குளிருங்க சார். தைலம் போட்டு நல்லாத் தேய்ங்க, ஒரு வாரத்துல போயிருமுங்க."

இந்த மலையில் தலைவலியா, மூட்டு வலியா, சளியா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தைலம்தான். காலையும் மாலையும் தேய்த்துக்கொண்டார். கீபோர்டெல்லாம் தைல வாசனை. நான் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி வாங்கி, விரல் நுனிகளை மட்டும் கத்தரித்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு பனிக்காலம் முழுக்க வேலை பார்த்தார்.

பிப்ரவரியில் மறுபடி நிற்க ஆரம்பித்தது. இப்போது பேக்ஸ்பேஸிலும் நிற்கிறது என்றார். அவர் அடிப்பதில் பாதி பேக்ஸ்பேஸ்தான் என்று எனக்கும் காது சொன்னது. ஒரு எழுத்து வரவில்லை என்று இரண்டு முறை அடிப்பார், இரண்டும் வந்துவிடும், பிறகு ஒன்றை அழிப்பார். தாமதமாகும் மெஷினில் எல்லாரும் இப்படித்தான் தடுமாறுவார்கள். நான் எண்களின் நிறத்தை எடுத்தேன், அடைப்புக்குறிகளின் நிறத்தை எடுத்தேன். எடுக்க முடியாத விதிகளைச் சுருக்கினேன். மேலும் கீழும் பார்க்காதே, இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து நிறம் போடு என்று மாற்றி எழுதினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் அவருடைய வேலையில் நான் கை வைத்து ஒன்றைச் சரி செய்வது அதுதான் முதல் தடவை.

மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் காப்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். காப்பி என் சார்ஜர் மேல் கொட்டியது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, குளிர்ல கை வெறைச்சுப் போச்சு என்று சிரித்தார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தேயிலைச் சரிவு முழுக்க அந்த வெயில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன்.

அவருடைய கம்பெனியில் அப்போது புது வெர்ஷன் வெளியிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. டீம் லீடர் சென்னையிலிருக்கும் ஒரு பெண், அவரைவிடப் பத்து வயது சின்னவள். வீடியோ காலில் இவருடைய திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். தன் கண் முன்னாலேயே திருத்தச் சொல்வாள். ஒரு நாள் நான் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"சார், உங்க நெட் ஸ்லோவா இருக்கா? ஒரு வரி வர்றதுக்கு இவ்ளோ நேரமாகுதே."

"எடிட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க. சரி பண்ணிட்டு இருக்கறோம்," என்றார் இவர்.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார். அடுத்த மாசத்துக்குள்ள இது முடியலேன்னா இந்த மாட்யூல வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

வீடியோ கால் முடிந்ததும் லேப்டாப்பை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கு மீட்டிங்ல பேச வராது. ஆளுங்கள வெச்சு வேல வாங்க வராது. வெரசா எழுதுவேன், தப்பில்லாம எழுதுவேன். அதுக்குத்தான் என்னைய வெச்சிருக்கறாங்க. அது போச்சுன்னா நாப்பத்தெட்டு வயசுல நான் எங்க போவேன் அம்மிணி?"

நான் இருக்கும்போது இந்த மனிதரின் வேலை ஒரு எடிட்டரால் போவதா என்று வீம்பு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து மிச்சமிருந்த சாம்பலையும் நீலத்தையும் எடுத்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். என் கண்ணுக்கே அது அழுகிற மாதிரி இருந்தது. எது கட்டளை, எது குறிப்பு என்று ஒவ்வொரு வரியையும் முழுசாகப் படித்தால்தான் தெரியும். அவர் அதிலேயே வேலை பார்த்தார். இரண்டு நாள் கழித்துத் தயங்கித் தயங்கி, இன்னும் நிக்குது என்றார்.

"ஏனுங்க, இதுக்கு மேல எடுக்கறதுக்கு அதுல எழுத்துதான் பாக்கி இருக்குது. அதையும் எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"கோவப்படாத அம்மிணி. மெதுவாப் பாத்துக்கலாம்."

மெதுவாகப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. மெஷின் மேல் தப்பில்லை என்று அவருக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. அவர் மேல் அக்கறையால் அதைச் செய்தேன் என்று சொன்னால் பொய். சண்டையில் ஜெயிக்கத்தான் செய்தேன். ஏப்ரல் முதல் வாரத்தில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். எந்தக் கீயை எந்த நொடியில் அழுத்தினார், அந்த எழுத்து எந்த நொடியில் திரையில் வந்தது, இரண்டையும் அது குறித்துக்கொள்ளும். அவருடைய லேப்டாப்பில் அதை ஓடவிட்டுவிட்டு, அரை நாள் எப்போதும்போல வேலை பாருங்க என்றேன். சாயந்திரம் அந்தக் கணக்கை என் திரையில் எடுத்துப் பார்த்தேன்.

எழுத்து வருவதில் தாமதமே இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். எதிரில் இருந்தவரைக் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் பக்கத்துப் பத்தி கண்ணில் பட்டது. ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்ற பத்தி. இடது கை அடித்த எழுத்துகள் எல்லாம் ஒரே சீராக இருந்தன. வலது கையில் ஆள்காட்டி விரல் அடிப்பவையும் நடுவிரல் அடிப்பவையும் ஏறக்குறைய சரியாக இருந்தன. மேற்கோள் குறிக்கு முன்னால் பள்ளம் மாதிரி ஒரு நீண்ட இடைவெளி. செமிகோலனுக்கு முன்னால், என்டருக்கு முன்னால், பேக்ஸ்பேஸுக்கு முன்னால் அதே பள்ளம். நான்கும் ஒரே விரல் அடிக்கிற கீ. வலது கைச் சுண்டுவிரல். மோதிர விரல் அடிக்கும் எழுத்துகளும் அதன் பின்னாலேயே சரிந்துகொண்டிருந்தன.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். குளிர் போய்விட்டதால் கையுறை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வலது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி, மணிக்கட்டைத் தொங்கவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எல்லாருக்கும் மேடாக இருக்கும் சதை அவருக்குக் குழிந்து போயிருந்தது. மூன்று மாதமாக இரண்டு முழம் தள்ளி அந்தக் கைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எடிட்டரைப் பார்த்தேன், விதிகளைப் பார்த்தேன், அந்தக் கையை ஒரு நாளும் பார்க்கவில்லை.

சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. வெர்ஷன் வேலை முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயம், அவ்வளவுதான். இண்டர்நெட்டில் கை மெலிவது என்று தேடினால் என்னென்ன வருமோ அத்தனையையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அவர் கேட்டபோது எழுத்துருவில் ஏதோ கோளாறு, மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். பத்தாம் நாள் காலையில் அவரால் சோற்றைச் சேர்த்து எடுக்க முடியாமல் ஸ்பூன் கேட்டார்.

"ஏனுங்க, மெஷின் நல்லாத்தான் இருக்குது. பத்து நாளா எனக்குத் தெரியும். கைதானுங்க," என்றேன்.

அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. நீ ஒவ்வொரு கலரா எடுத்துட்டே இருந்தியா, இன்னும் ஒண்ண எடுத்தா சரியாயிரும்னு பாத்தேன்," என்றார்.

மறுநாள் கோயமுத்தூர் இறங்கினோம். நரம்பு பார்க்கும் டாக்டர் ஒரு பெண்மணி. கையில் ஊசிகளைக் குத்தி, கரண்ட் வைத்து, ஒரு மணி நேரம் சோதித்தார்கள். நான் இண்டர்நெட்டில் படித்துப் பயந்த உயிர்க்கொல்லி வியாதி எதுவும் இல்லை. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது. நாளெல்லாம் மேஜை விளிம்பில் ஊன்றுவதாலும், குளிருக்குக் கையை மடக்கிப் போர்த்திக்கொண்டு தூங்குவதாலும் வரக்கூடியதுதான் என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்குமுங்க," என்றார் இவர்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தப்பு என்று சொல்லவும் என்னிடம் வழி இருந்தது. எங்கள் தொழிலில் எந்த ஃபைலில் எதை மாற்றினாலும் என்றைக்கு, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிச் சேமிப்பது பழக்கம். எடிட்டர் விதிகளை மாற்றியபோதெல்லாம் கை போகிற போக்கில் எழுதியிருந்தேன். போனில் அதைத் திறந்து தேதியோடு படித்தேன். ஜனவரி இரண்டாம் வாரம்: கோட்ஸ் போட்டா நிக்குதாம், பச்சையை எடுத்தாச்சு, இனி நிக்காது. பிப்ரவரி: செமிகோலன்ல மறுபடி நிக்குதாம், எண்ணும் அடைப்புக்குறியும் காலி. பிப்ரவரி கடைசி: இப்ப பேக்ஸ்பேஸாம், விதியெல்லாம் சுருக்கியாச்சு. நான் படிக்கப் படிக்க டாக்டர் எழுதிக்கொண்டார். இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல என்று பாராட்டாகச் சொன்னார்.

மார்ச் கடைசிக் குறிப்புக்கு வந்தேன். எல்லா நிறமும் எடுத்தாச்சு என்பது வரை படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். போன் மேஜைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. இவர் குனிந்து பார்த்து, டாக்டருக்கு விட்டுப்போய்விடக் கூடாது என்பது போல மிச்சத்தையும் நிதானமாகப் படித்தார்.

"இதுக்கு மேல நின்னா மெஷின் இல்ல, ஆளு."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம், போன சதையும் பலமும் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, அப்ப வந்திருந்தா பேச்சே வேற என்றார்.

மே மாதம் ஆபரேஷன் நடந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே வளைந்தபடியே நின்றுவிட்டன. பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர் பந்தை ஐந்து மாதம் விடாமல் அமுக்கினார். எட்டு விரலால் அடித்துப் பழகப் பார்த்தார். கால் மணி நேரத்தில் கை சோர்ந்து மேஜையில் விழும். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், அவர் பார்த்துவிடக் கூடாது என்று. கம்பெனியில் விலக்கிவிடவில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் படித்துத் தப்புச் சொல்லும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த டீம் லீடர் பெண்ணே பேசி வாங்கிக் கொடுத்தாளாம்.

புது வேலை ஆரம்பித்த அன்றைக்குக் காலையில் லேப்டாப்பை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அம்மிணி, அந்தக் கலரெல்லாம் திருப்பிப் போட்டுக் குடுத்துரு. கறுப்புலயே படிச்சா கண்ணு வலிக்குது."

"போட்டா மறுபடி நிக்குமுங்க," என்றேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"நின்னா நிக்கட்டும். இனி நானெங்க டைப் அடிக்கப் போறேன்?"

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஜனவரிக்கு முன்னால் இருந்த விதிகளை அப்படியே எடுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகத் திரை நிறைந்தது. அவர் மவுஸை இடது பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, யாரோ எழுதியதை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிக்க ஆரம்பித்தார். மேஜையில் நான் அடிக்கிற சத்தம் மட்டும்தான் இப்போது கேட்கிறது.